பாடம் நடக்காத பள்ளி

அடுத்தவர் பாடம் நடத்துவதைக் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து பார்த்து, பிள்ளைகளுக்கு ஏதாவது ஏறியதா இல்லையா என்று சொல்வதும் ஓர் உத்தியோகம்தான் என்று என் அம்மாவை என்னால் கடைசிவரை நம்பவைக்க முடியவில்லை. "பாடம் நடத்துற பொண்ணுங்களுக்குச் சம்பளம் கிடையாது, வேடிக்கை பாக்குற உனக்குச் சம்பளமா?" என்பார். நீங்களும் என்னைப் போல அடுத்தவர் வேலைக்கு மார்க் போட்டு வயிறு வளர்க்கிறவர் என்றால் என் பாடு சொல்லாமலே புரியும். போகிற இடத்திலெல்லாம் டீயும் பிஸ்கட்டும் கொடுப்பார்கள். நாம் வாசல் தாண்டியதும் திட்டுவார்கள்.

எண்பதுகளின் பின்பாதியில் ஒரு பல்கலைக்கழகம் நடத்திய பள்ளிச் சுகாதாரக் கல்வித் திட்டத்தில் மதிப்பீட்டாளராக இருந்தேன். கல்லூரி மாணவிகள் தொண்டர்களாக வாரம் ஒருமுறை பள்ளிக்குப் போய் எட்டாம் வகுப்புப் பெண்களுக்குப் பாடம் எடுப்பார்கள். கை கழுவுவது, தண்ணீரைக் காய்ச்சிக் குடிப்பது, பேதியானால் உப்பு சர்க்கரைத் தண்ணீர் கலந்து கொடுப்பது, மாதவிலக்கு நாட்களில் எப்படிச் சுத்தமாக இருப்பது, இவைதான் பாடம்.

அதை அளப்பதற்கு எங்கள் டைரக்டர் ஒரு முறை வைத்திருந்தார். ஆவடிப் பக்கம் ஒரு பெண்கள் பள்ளியில் பாடம் நடக்கும். கரையான்சாவடிப் பக்கம் இன்னொரு பள்ளியில் நடக்காது. இரண்டு பள்ளிக்கும் வருட ஆரம்பத்தில் ஒரு பரீட்சை, வருட முடிவில் திரும்ப அதே பரீட்சை. பாடம் நடந்த பள்ளி நன்றாக முந்தினால் திட்டம் பிழைக்கும். அடுத்த வருடம் ஆவடி, அம்பத்தூர், பூந்தமல்லி என்று சுற்றியிருக்கிற பள்ளிகளுக்கெல்லாம் போகும். முந்தாவிட்டால் மூட்டை கட்ட வேண்டியதுதான். ஒப்பிட்டுப் பார்க்கிற பள்ளி எது என்று தொண்டர்களுக்கு மட்டும் சொல்லக் கூடாது. தெரிந்தால் அந்தப் பள்ளியைத் தோற்கடிக்கிற மாதிரி பாடம் நடத்துவார்கள், அது நியாயமான அளவை ஆகாது என்பது டைரக்டரின் வாதம். சரியான வாதம்தான், இன்றைக்கும் அதில் எனக்குக் குறை சொல்லத் தெரியவில்லை.

பள்ளிக்கூடத்து மானம்

ஆவடிப் பள்ளியில் முதல் பரீட்சை வைக்கப் போன அன்று, என்னை யாரோ பெரிய அதிகாரி என்று நினைத்துவிட்டார்கள். வராந்தாவில் புதுக் கோலம். பிள்ளைகள் அத்தனை பேருக்கும் எண்ணெய் வழிய இரட்டைப் பின்னல். கை கழுவுகிற இடத்தில் ஒரு புது சோப்பு இருந்தது. நான் பார்த்து முடித்ததும் ஆயா அதைத் துடைத்துத் தலைமையாசிரியை மேஜை இழுப்பறையில் பத்திரமாக வைத்தார்.

கேள்வித்தாளைக் கொடுத்துவிட்டு, டீ குடிக்க அழைத்தார்களே என்று ஆபீஸ் ரூமுக்குப் போனேன். திரும்பி வந்தால் எல்லோரும் எழுதி முடித்துக் கை கட்டி உட்கார்ந்திருக்கிறார்கள். ஒரு தப்புக்கூட இல்லை. ஒரே கேள்விக்கு எல்லோரும் ஒரே வார்த்தைகளில் பதில் எழுதியிருந்தார்கள். கரும்பலகையில் அவசரமாக ஈரத்துணியால் அழித்த சாக்பீஸ் தடம் இன்னும் காயவில்லை. வகுப்பு டீச்சர் கமலா என் கண்ணைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்தார்.

பாடம் ஆரம்பிக்கும் முன்னாலேயே நூற்றுக்கு நூறு வாங்கிவிட்டால் அப்புறம் பாடத்தால் என்ன வளர்ந்தது என்று எப்படிச் சொல்வது? "தெரியலைன்னா தெரியலைன்னே எழுதட்டும் டீச்சர், அதுதான் எங்களுக்கு வேணும்" என்று கெஞ்சிக் கேட்டு, மறுநாள் திரும்பவும் பரீட்சை வைத்தேன். இந்த முறை வாசலிலிருந்து நகரவில்லை. பிள்ளைகள் பேனாவைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததைக் கமலா டீச்சரால் பொறுக்க முடியவில்லை. என் பக்கம் வந்து குனிந்து சொன்னார்: "எங்க பிள்ளைங்களுக்கு ஒண்ணுமே தெரியலைன்னு காட்டினாத்தான் உங்களுக்குச் சந்தோஷமா மேடம்?"

கிருஷ்ணாயில்

ஆவடிப் பள்ளிக்கு வந்த தொண்டர் ஸ்டெல்லா. பி.எஸ்ஸி. விலங்கியல் இரண்டாம் வருடம். வீடு கரையான்சாவடியில். அப்பா அங்கே மெயின் ரோட்டில் தையல் கடை வைத்திருந்தார். அப்பா தைத்த பெரிய துணிப்பையில் படங்களைச் சுருட்டி எடுத்துக்கொண்டு, ஆவடி பஸ்ஸில் தொங்காத குறையாக வந்து இறங்குவாள்.

முதல் பாடத்தில் பாவம், வேர்த்து வழிந்தாள். படத்தைத் தலைகீழாக மாட்டினாள். மனப்பாடம் செய்து வந்ததை எங்கேயும் நிறுத்தாமல் ஒப்பித்தாள். "நீரை நன்கு கொதிக்கவைத்து ஆறவைத்துப் பருக வேண்டும்" என்று முடித்துவிட்டு, யாருக்காவது சந்தேகம் உண்டா என்று கேட்டாள். உண்டு என்று யாராவது சொல்லிவிடுவார்களோ என்கிற பயம் அவள் முகத்திலேயே தெரிந்தது. நடு பெஞ்சில் ஒரு பெண் எழுந்தாள். கேலி செய்யவில்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

"ரேஷன்ல ஊத்துற கிருஷ்ணாயில் சோறாக்கவே பத்தலக்கா. இதுல தண்ணிய வேற காச்சினேன்னு வையி, எங்கம்மா என்னியத் தூக்கி அடுப்புல வெச்சிடும்."

சொல்லிப் பார்த்தல்

டைரக்டருக்கு இன்னொரு விதியும் இருந்தது. எந்தத் தொண்டரும் ஒரு பாடத்தை வகுப்பில் நடத்தும் முன் நாலு பேருக்கு முன்னால் சொல்லிப் பார்த்திருக்க வேண்டும். ஹாஸ்டலில் இருந்த பெண்கள் அறைத் தோழிகளை உட்காரவைத்துச் சொல்லிப் பார்த்தார்கள். தோழிகள் பாதியில் தூங்கிவிடுவார்கள் என்று கேள்வி. ஸ்டெல்லா முதல் வாரம் இந்த விதியை ஏய்த்துவிட்டு வந்திருக்கிறாள். கிருஷ்ணாயில் கேள்விக்குப் பிறகு ஒரு வாரம்கூட ஏய்க்கவில்லை.

அடுத்த வாரம் வந்தவள் வேறு ஆளாக இருந்தாள். "மரத்தூள் அடுப்பு யார் யார் வீட்டுல இருக்கு?" என்று ஆரம்பித்தாள். பாதிக் கைகள் எழுந்தன. "சோத்தை இறக்கினதுக்கு அப்புறமும் ரொம்ப நேரம் கனன்னுகிட்டே இருக்கும் இல்ல? அந்தச் சூட்டுல தண்ணிப் பானையை ஏத்திடுங்க. அடுப்பு இல்லாதவங்க பக்கத்து வீட்டு அடுப்புல கேட்டு வைங்க. கிருஷ்ணாயில் ஒரு சொட்டு ஆகாது." பிள்ளைகள் தலையாட்டினார்கள். கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்த எனக்கே எழுந்து கை தட்டலாம் போலிருந்தது. அது என் உத்தியோகத்துக்கு ஒவ்வாத காரியம் என்பதால் பேனாவை மூடித் திறந்துகொண்டிருந்தேன்.

வெளியே வந்ததும், இந்த யோசனை எங்கிருந்து கிடைத்தது என்று கேட்டேன். அவள் சொன்னதைக் கேட்டு மகிழ்ந்துபோனேனே தவிர, வேறு எதுவும் என் மண்டையில் உறைக்கவில்லை. "இப்பல்லாம் எங்க தெருப் பிள்ளைங்களை உக்கார வெச்சு சொல்லிப் பாத்துட்டுத்தான் வரேன் மேடம். அதுங்க கேக்குற கேள்விக்குப் பதில் சொல்லிட்டா, இங்க எதுவும் கஷ்டமில்ல."

பருத்திப்பட்டு தாண்டும்போது

ஒருநாள் பள்ளி விட்டதும் நானும் ஸ்டெல்லாவும் ஒரே பஸ்ஸில் பூந்தமல்லிப் பக்கம் போனோம். பருத்திப்பட்டு தாண்டியதும் உட்கார இடம் கிடைத்தது. துணிப்பையை மடியில் வைத்துக்கொண்டு, ஒரு விஷயம் கேட்கலாமா என்றாள். கேட்டாள்.

அடுத்த வருடம் திட்டம் மற்றப் பள்ளிகளுக்குப் போகும்போது, தன்னைக் கரையான்சாவடிப் பள்ளிக்கு அனுப்ப முடியுமா? அவள் படித்த பள்ளி அது. எட்டாவது படிக்கும்போது வகுப்பிலேயே அவளுக்கு முதல் முறையாகத் தூரமாகிவிட்டதாம். என்னவென்று தெரியாமல், வயிற்றில் ஏதோ அறுந்துவிட்டது, சாகப்போகிறோம் என்று நினைத்துக்கொண்டு, பையால் பாவாடையை மறைத்தபடி ஓடி வந்திருக்கிறாள். அப்புறம் பல நாள் பள்ளிக்கே போகவில்லை. "அந்தப் பள்ளிக்கூடத்துல யாரும் அப்படி ஓடக் கூடாது மேடம்" என்றாள். தலைமையாசிரியையிடம் பேசிவிட்டாளாம். தெருப் பிள்ளைகள் வேறு, எங்கள் பள்ளிக்கு எப்போது வருவாய் என்று தினமும் நச்சரிக்கிறார்களாம்.

அந்தப் பள்ளிதான் நாங்கள் பாடம் நடக்காத பள்ளி என்று தேர்ந்தெடுத்து வைத்திருந்த பள்ளி. சொல்லக் கூடாது என்பது விதி. அந்த விதியை நினைத்த அவசரத்தில், தெருப் பிள்ளைகள் என்று அவள் சொன்னது என் காதில் ஏறவே இல்லை. "பார்க்கலாம்மா, முதல்ல இந்த வருஷம் நல்லபடியா முடியட்டும்" என்று மட்டும் சொன்னேன். அவள் அதையே பெரிய வாக்குறுதியாக எடுத்துக்கொண்டாள். கரையான்சாவடியில் இறங்கிப் படியிலிருந்தபடியே கத்தினாள்: "ரிப்போர்ட்டை மட்டும் நல்லா எழுதுங்க மேடம்! அடுத்த வருஷம் எனக்கு பஸ்ஸே வேணாம், நடந்தே போயிடுவேன்!"

சத்தியமா

வருட முடிவில் ஆவடிப் பள்ளியில் பரீட்சை வைத்தேன். பேனா கடித்தவர்கள் யாரும் இல்லை. உப்பு எவ்வளவு, சர்க்கரை எவ்வளவு, எதற்கு முன்னால் கை கழுவ வேண்டும், விலக்குத் துணியை ஏன் வெயிலில் காயப்போட வேண்டும் என்று அவரவர் சொந்த வார்த்தையில் எழுதித் தள்ளினார்கள். எழுத்துப்பிழைகூட ஆளுக்கு ஒரு விதமாக இருந்ததைப் பார்த்து எனக்கு அத்தனை சந்தோஷம்.

கமலா டீச்சர் பரீட்சை முடியும்வரை வகுப்புக்குள் கால் வைக்கவில்லை. தாள்களைக் கட்டி எடுத்துக்கொண்டு கிளம்பும்போது, கேட் வரைக்கும் பின்னாலேயே வந்தார். "எப்படி எழுதியிருக்காங்க?" என்று கேட்டார். ரொம்ப நன்றாக என்றேன். முகம் மலர்ந்து, தன் தலையிலேயே கை வைத்துக்கொண்டார்: "இந்த வாட்டி நான் வாயே திறக்கல மேடம், என் தலைமேல சத்தியமா!"

எட்டாம் வகுப்பு, கரையான்சாவடி

அடுத்த நாள் பாடம் நடக்காத பள்ளி. வருட ஆரம்பத்தில் அங்கே பரீட்சை வைத்தபோது பாதித் தாள்கள் வெள்ளையாக வந்திருந்தன. இப்போதும் அப்படித்தான் வரும், ஆவடிப் பள்ளி முந்திவிடும், ஸ்டெல்லா இங்கே வந்துவிடுவாள் என்று மனக்கோட்டை கட்டிக்கொண்டு போனேன்.

கேள்வித்தாளைக் கொடுத்ததும் வகுப்பில் ஒரு சலசலப்பு. அப்புறம் அத்தனை பேரும் குனிந்து எழுத ஆரம்பித்தார்கள். வகுப்பைச் சுற்றி நடந்தேன். உப்பு சர்க்கரைத் தண்ணீர் சரி. கை கழுவுவது சரி. தண்ணீர் காய்ச்சுவது பற்றிய கேள்விக்கு ஒரு பெண், மரத்தூள் அடுப்பின் மிச்சச் சூட்டில் பானையை ஏற்ற வேண்டும் என்று எழுதியிருந்தாள். எங்கள் பாடப் புத்தகத்தில் இல்லாத பதில் அது. என் கால் அங்கேயே நின்றுவிட்டது.

பரீட்சை முடிந்ததும், இதெல்லாம் யார் சொல்லிக்கொடுத்தது என்று கேட்டேன். "ஸ்டெல்லாக்கா!" என்றது வகுப்பு. வகுப்புத் தலைவி தேவி எழுந்து விவரமாகச் சொன்னாள். அவளும் இன்னும் சிலரும் ஸ்டெல்லாவின் தெரு. வாரா வாரம் ஸ்டெல்லா வீட்டு வாசலில் உட்கார்ந்து கேட்பார்களாம். பள்ளியில் அறிவியல் டீச்சர் பிரசவ லீவில் போயிருந்தார், பதிலுக்கு ஆள் வரவில்லை. அந்தப் பீரியடில் தேவி எழுந்து நின்று, அக்கா சொன்னதை அப்படியே வகுப்புக்குச் சொல்லியிருக்கிறாள். "எங்க தம்பிக்கு வயித்தால புடுங்கிக்கினப்ப நான்தான் டீச்சர் உப்பு சக்கரத் தண்ணி கலக்கிக் குடுத்தேன்" என்று இன்னொருத்தி கையைத் தூக்கினாள். எனக்குச் சந்தோஷப்படுவதா அழுவதா என்று தெரியவில்லை. இவ்வளவு சிரத்தையாக ஏன் படித்தீர்கள் என்று கேட்டேன். தேவிக்கு நான் கேட்டதே வேடிக்கையாக இருந்தது.

"இன்னா டீச்சர் இப்டி கேக்குறீங்க? நாங்க நல்லா மார்க்கு வாங்குனாத்தானே அக்காவ இங்க அனுப்புவாங்க?"

டைரக்டர் அறை

இரண்டு பள்ளியின் மார்க்கையும் கூட்டிப் பார்த்தோம். ஏறக்குறைய சமம். நான் நடந்தது அத்தனையும் டைரக்டரிடம் சொன்னேன். சொல்லிப் பார்க்க வேண்டும் என்பது நம் விதி, எந்தப் பள்ளி என்று சொல்லக் கூடாது என்பதும் நம் விதி, அந்தப் பெண் நம் விதிப்படிதான் நடந்தாள் என்றேன். பாடம் அந்தப் பள்ளியிலும்தான் நடந்திருக்கிறது, ஒரு பிள்ளை சொல்லி ஒரு வகுப்பே கற்றுக்கொண்டிருக்கிறது, இதைவிடப் பெரிய வெற்றி என்ன வேண்டும் என்று, அவர் மேஜையில் கையைத் தட்டியே பேசினேன். அறிக்கையிலும் இதை விலாவாரியாக எழுதியிருந்தேன்.

அவர் கெட்டவர் இல்லை. நான் எழுதியதை முழுக்கப் படித்தார். பல இடங்களில் பென்சிலால் கோடு போட்டார். ஒன்றையும் வெட்டவில்லை. திட்டத்துக்கு அனுமதி தருகிற குழுவிடம் தானே நேரில் போய்ப் பேசினார். திரும்பி வந்தபோது முகம் தொங்கிப்போயிருந்தது. பாடம் நடத்தாமலே அந்தப் பிள்ளைகளுக்கு இத்தனை தெரியும்போது பாடம் எதற்கு என்று குழு கேட்டதாம். நடந்ததைச் சொன்னாராம். அப்படியென்றால் உங்கள் ஒப்பீடே செல்லாது, செல்லாத ஒப்பீட்டை வைத்து எப்படி அனுமதி தருவது என்று திருப்பிக் கேட்டார்களாம். எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர். இன்னொரு வருடம் கேட்டுப் பார்க்கலாமே என்றேன். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"கேட்டேம்மா. ஜெயிச்சதுக்கு அத்தாட்சி கொண்டா, இல்லைன்னா கதை சொல்லாதேன்னுட்டாங்க. என்கிட்ட கதைதானே இருக்கு?"

ஸ்டெல்லா கேட்டது

ஸ்டெல்லாவுக்குக் கடிதம் போட்டுவிட்டால் போதும் என்றார்கள். எனக்கு மனம் ஒப்பவில்லை. கரையான்சாவடியில் இறங்கி, தையல் கடையில் விசாரித்து வீட்டுக்குப் போனேன். தெருக் குழாயடியில் குடத்தோடு நின்றிருந்தவள், என்னைப் பார்த்ததும் குடத்தை அப்படியே போட்டுவிட்டு ஓடி வந்தாள். நான் நல்ல சேதி கொண்டு வந்திருப்பதாக நினைத்துவிட்டாள். உள்ளே அழைத்து உட்காரவைத்தாள். சுவரில் அடுத்த வருடத்துக்கென்று புதிதாக வரைந்த படம் தொங்கியது. பாவாடை தாவணி போட்ட ஒரு பெண், பயப்படாமல் சிரித்துக்கொண்டிருந்தாள். கிளம்பி ஓடிவிடலாமா என்று இருந்தது எனக்கு.

இனி மறைக்க ஒன்றும் இல்லை என்பதால் எல்லாவற்றையும் சொன்னேன். இரண்டு பள்ளி வைத்திருந்தது, ஒன்றில் பாடம் நடக்காமல் இருக்க வேண்டியது, அது எந்தப் பள்ளி, இரண்டுக்கும் வித்தியாசம் இல்லாமல் போனதால் திட்டம் நின்றது, எல்லாம். உன் மேல் தப்பே இல்லை என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். அவள் அழுவாள், அல்லது என் மேல் கோபப்படுவாள் என்று எதிர்பார்த்தேன். இரண்டும் இல்லை. வாசலில் தேவியும் மற்றப் பிள்ளைகளும் என்னைப் பார்க்கக் கூடிவிட்டிருந்தார்கள். ஒருத்தரை ஒருத்தர் இடித்துக்கொண்டு, வெட்கத்தோடு சிரித்துக்கொண்டு நின்றார்கள். ஸ்டெல்லா அவர்களைப் பார்த்தாள். அவர்களுக்குக் கேட்காத குரலில் என்னிடம் கேட்டாள்.

"அப்போ இதுங்க ஒண்ணும் தெரியாம பெயிலாகியிருந்தா, நான் இதுங்களுக்குச் சொல்லிக்குடுக்க வந்திருக்கலாம், அப்படித்தானே மேடம்?"

ஒரு பள்ளியில் நடத்திய பாடம் இரண்டு பள்ளியில் ஏறிவிட்டால், எங்கள் உத்தியோகத்தில் அதற்குப் பெயர் 'பலனில்லை' என்பதுதான்.